பட்டியலில் அடங்காத சொரசொரப்பு

ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல், சேலம் வட்டாரப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தோடு இணைச்சொல் பட்டியலும் சேர்ந்தே வரும். நோட்டுப் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, முதல் கட்டத்தில் சொல், அடுத்ததில் இணைச்சொல், கடைசியில் எதிர்ச்சொல் என்று எழுதச் சொல்வார்கள். ‘ரஃப்’ என்ற சொல்லுக்கு நேரே அன்ஈவன், கோர்ஸ், ரக்கிட், பம்ப்பி என்று வரிசையாகச் சொற்கள் நிற்கும். எதிர்ப்பக்கம் ஸ்மூத் என்று ஒரே சொல். காலையில் மனப்பாடம், மாலையில் ஒப்புவித்தல், வாரக் கடைசியில் தேர்வு. இப்படிப் படித்த பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள். இப்படியே படித்த பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் ஊர்ச் சாலை எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதக் கை வருவதில்லை. இரண்டும் உண்மைதான். இந்த முறை எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கத் தவறுகிறது என்று பக்கம் சாயாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரே ஒரு சொற்குடும்பத்தை எடுத்துக்கொண்டால் போதும்: சமமில்லாத பரப்புகளையும் கையில் உரசும் பரப்புகளையும் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள். பட்டியல்களில் இவை ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் சேலம் – நாமக்கல் சமவெளியில் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள் தனித்தனியே கண்ணெதிரே கிடக்கிறது. எனவே முறையின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில் துலக்கமாகத் தெரியும்.

நிகண்டும் தெசாரஸும்

சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் அதற்காகவே எழுந்த நூல்கள். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகள் கொண்டது. நாவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே விருத்தத்தில் பாடப்பட்டது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். ஆனால் நிகண்டோடு அவர்கள் படிப்பு நின்றுவிடவில்லை. நிகண்டில் கற்ற சொல்லை அடுத்தடுத்து வந்த இலக்கியப் பாடல்களில் மறுபடியும் மறுபடியும் சந்தித்தார்கள். ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களில் எந்தப் பெயர் எந்த இடத்தில் பொருந்தும் என்பதை அந்தப் பாடல்கள் சொல்லிக்கொடுத்தன. நிகண்டு சொற்களை அறிமுகம் செய்தது. இலக்கியம் பழக வைத்தது.

ஆங்கிலத்திலும் கதை ஏறக்குறைய இதுவே. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் தெசாரஸ் என்னும் சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் வைக்காமல் கருத்து வாரியாகத் தொகுத்த நூல் அது. வழவழப்பும் சொரசொரப்பும் அதில் அடுத்தடுத்த தலைப்புகள். மனத்தில் எண்ணம் இருக்கிறது, அதற்கேற்ற சொல் நாவுக்கு வரவில்லை என்று தவிக்கிறவருக்காக அவர் அதைத் தொகுத்தார். அதாவது, ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்தவருக்காக. அவர் அந்தத் தொகுப்பில் கண்ணை ஓட்டினால், இது பொருந்தும், இது பொருந்தாது என்று அவருடைய மொழிப் பழக்கமே தேர்ந்து கொடுத்துவிடும். நம் வகுப்பறைக்குப் பட்டியல் வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை. கோளாறு தொடங்கும் இடம் இதுதான்.

முறையின் பலம்

மனப்பாட முறையை ஒரேயடியாகப் பழிப்பது எளிது; அது நியாயம் ஆகாது. வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லாத, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற பிள்ளைக்கு, குறைந்த செலவில் கைக்கு எட்டும் கருவி இதுதான். தறி ஓட்டுபவரின் பிள்ளையும் லாரி ஓட்டுநரின் பிள்ளையும் ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்வதில்லை. அவர்கள் கையில் இருப்பது பாடநூலும் நினைவாற்றலும் மட்டுமே. அந்த நினைவாற்றலை நம்பிப் போட்டியில் நிறுத்தியது இந்த வட்டாரப் பள்ளிகளின் சாதனை. மாநில முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-ல் கைவிடும் வரை, நாமக்கல் மாவட்டத்தின் பெயர் அந்த அறிவிப்புகளில் அடிக்கடி ஒலித்ததற்கு இந்தக் கடும் உழைப்பும் ஒரு காரணம்.

மனப்பாடம் வீண் என்று மொழிக்கல்வி ஆய்வாளர்களும் சொல்லவில்லை. சொல் கற்பித்தல் துறையில் பெரிதும் மதிக்கப்படும் நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன், சொல்லையும் பொருளையும் அட்டையில் எழுதிப் படிப்பது தொடக்க நிலையில் நல்ல பலன் தரும் என்கிறார். ஒரு சொல்லை அரைகுறையாகவாவது அறிந்திருப்பது, அறியாமலே இருப்பதைவிட மேல். ‘கிராக்கி’ என்ற சொல் வரும் வரியைப் படிக்கும்போது, ‘பாறை மாதிரி ஏதோ ஒரு கரடுமுரடு’ என்ற அளவுக்குப் புரிந்தாலும் பிள்ளை அடுத்த வரிக்குப் போய்விடும். வாசிப்பு அறுந்துபோகாது.

தேர்வுக் கணக்கையும் மறக்க முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வுகளில் முதல் மூன்று வினாக்கள் இணைச்சொல். அடுத்த மூன்று எதிர்ச்சொல். அடிக்கோடிட்ட சொல்லுக்குக் கீழே நான்கு விடைகள். ஒன்றைத் தேர்ந்து எழுதினால் மதிப்பெண். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவதே கேள்விக்குறியாக இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆறு மதிப்பெண் ஊன்றுகோல். அதை வாங்கித் தர ஓர் ஆசிரியர் பாடுபட்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

சோதித்துப் பார்த்தால்

இனிப் பலவீனத்துக்கு வருவோம். ரஃப், அன்ஈவன் என்ற இரண்டு சொற்களைப் பட்டியல் ஒன்றாக்குகிறது. உப்புத்தாளை எடுத்து மேசைமேல் விரித்துப் பாருங்கள். தொட்டால் சொரசொரப்பு, ஆனால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அது ரஃப்; அன்ஈவன் அன்று. பழைய வீட்டின் சிமெண்டுத் தரையைப் பாருங்கள். பல ஆண்டு நடந்து நடந்து வழவழவென்று ஆகியிருக்கும். ஆனால் தண்ணீர் ஊற்றினால் அங்கங்கே தேங்கும். அது அன்ஈவன்; ரஃப் அன்று. ஒன்று தொடு உணர்வைச் சொல்கிறது. மற்றது மட்டத்தைச் சொல்கிறது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பட்டியல் இவ்விரண்டுக்கும் நடுவே சமக்குறி போடும்போது பிள்ளைக்குத் தவறான செய்தியையே கற்பிக்கிறது.

இந்த வேறுபாட்டை நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பழகும் பையன் நன்றாக அறிவான். தகட்டில் நெளிவு இருந்தால் பட்டி பூசி மட்டம் செய்கிறார்கள். பட்டி காய்ந்ததும் எமரி தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. உள்ளங்கையைப் பரப்பித் தடவிப் பார்க்கிறார்கள். “இன்னும் சொரசொரங்குது தம்பி, தேய்” என்றால் ஒரு வேலை. “இங்க பள்ளமா இருக்குது, இன்னொரு கோட்டு பட்டி வை” என்றால் வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பெயிண்ட் அடித்த பிறகு வண்டி காட்டிக்கொடுத்துவிடும். கையில் இவ்வளவு தெளிவாக இருக்கும் அறிவை, ஆங்கில நோட்டில் ஒரே கட்டத்துக்குள் போட்டு அடைத்துவிடுகிறோம்.

மற்ற சொற்களும் அப்படியே. கோர்ஸ் என்பது துகளின், இழையின் பருமனைச் சொல்வது. பருமணல், குருணை, முரட்டுத் துணி ஆகியவற்றோடு சேரும். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்கு நூலின் நம்பர் அத்துபடி. 20-ஆம் நம்பர் நூல் பருமன். 80-ஆம் நம்பர் நூல் மெல்லிசு. முன்னதுதான் கோர்ஸ், பின்னது ஃபைன். அந்த வீட்டுப் பிள்ளை கோர்ஸ் என்பதற்கு எதிர்ச்சொல் ஸ்மூத் என்று எழுதினால், அது தன் வீட்டிலேயே கிடைக்கும் ‘ஃபைன்’ என்ற சொல்லைத் தவறவிடுகிறது.

ரக்கிட் என்பது நிலத்தின் அளவுக்குப் பெரிய கரடுமுரடு. கொல்லிமலை அடிவாரத்தையோ சங்ககிரி மலையையோ அப்படிச் சொல்லலாம். தோசைக்கல்லைச் சொல்ல முடியாது. பம்ப்பி என்பது பெரும்பாலும் பயணத்தில் உடம்பு உணர்வது. குண்டும் குழியுமான சாலைக்கும் அதில் போகும் வண்டிப் பயணத்துக்கும் உரியது. ஜேகிட் என்பது கூராக, ஒழுங்கில்லாமல் உடைந்த விளிம்பு; கல்குவாரியில் வெடி வைத்துப் பெயர்த்த பாறையின் ஓரம் அப்படி இருக்கும். பனங்கருக்கின் பற்கள் வரிசையாக ஒழுங்காக இருப்பதால் அதற்குப் பொருந்துவது செரேட்டட். மரவள்ளிக் குச்சியில் முண்டுமுண்டாக இருப்பது நாப்ளி. கொத்திய ஆட்டுக்கல்லின் சின்னச் சின்னக் குழிகள் பிட்டட். இவை அத்தனையையும் இந்த மண்ணின் பிள்ளை தொட்டிருக்கிறது, மிதித்திருக்கிறது, சில சமயம் கிழித்துக்கொண்டும் இருக்கிறது. பட்டியல் அந்த அனுபவத்தில் ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்ப்பதில்லை.

எதிர்ச்சொல் கட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். ரஃப் என்றால் ஸ்மூத் என்று ஒரே விடை. ஆனால் பள்ளிப் பையில் இருக்கும் ரஃப் நோட்டுக்கு எதிர் ஃபேர் நோட்டு. கொந்தளிக்கும் கடலுக்கு எதிர் அமைதியான கடல், அங்கே காம். உத்தேச மதிப்பீட்டுக்கு எதிர் துல்லியமான மதிப்பீடு, அங்கே எக்ஸாக்ட். எதிர்ச்சொல் எது என்பதைத் தீர்மானிப்பது பெயரடை மட்டும் அன்று, அது அடைமொழியாக நிற்கும் பெயர்ச்சொல்லும்தான். பெயர்ச்சொல்லை வெட்டிவிட்டுப் பெயரடையை மட்டும் பாடம் செய்தால் பாதி இலக்கணம் போய்விடுகிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஸ்மூத் நல்லது, ரஃப் கெட்டது என்ற எண்ணத்தைப் பட்டியல் மறைமுகமாக ஊட்டுகிறது. டயர் ரீட்ரெடிங் பட்டறையில் தேய்ந்த டயரின் மேல்ரப்பரை இயந்திரத்தில் ராவி, வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். அப்போதுதான் புது ரப்பர் பிடித்து ஒட்டும். அங்கே சொரசொரப்பு குறை அன்று, தேவை. எஃகுத் தகட்டின் மேற்பரப்பையோ பொறியாளர்கள் மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அவர்களுக்கு ரஃப்னஸ் என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வேலைக்கேற்பக் கூடவோ குறையவோ வேண்டிய ஓர் எண்.

ஒரு முட்டை ஓட்டின் பாடம்

சொல் வேறுபாடு வெறும் மொழி நயம்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். நாமக்கல்லின் அடையாளமான முட்டையே அதற்கு விடை சொல்லும். ஓடு சீராக இல்லாத முட்டைகளைக் கோழி மருத்துவ நூல்கள் ஒரே பெயரில் சொல்வதில்லை. ஓட்டின் மேல் சுண்ணாம்புப் பருக்கள் சிறுசிறு புள்ளிகளாக ஒட்டியிருந்தால் பிம்பிள்ட். தகரக்கூரை போல வரிவரியாக மேடும் பள்ளமும் இருந்தால் கரகேட்டட். தோல் சுருங்கியது போல இருந்தால் ரிங்கிள்ட். காரணங்களும் வேறுவேறு. பருக்கள் வயதான கோழியின் முட்டையில் அதிகம் தென்படும். சுண்ணாம்புச் சத்து மிகுதியாகப் படிவதாலும் வரும். சுருங்கிய மெல்லிய ஓடும், உடைத்தால் தண்ணீராக ஓடும் வெள்ளைக்கருவும் சேர்ந்து வந்தால், பண்ணைகளில் ஐ.பி. என்று சொல்லப்படும் மூச்சுக்குழல் அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது கொட்டகை முழுக்கப் பரவக்கூடிய நோய்.

நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளும், பண்ணையில் மேற்பார்வை பார்க்கப் போகும் பிள்ளைகளும், ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதம் எழுதப் போகும் பிள்ளைகளும் இதே வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் அவர்கள் ஓர் அறிக்கை எழுத நேரும். மூன்று வகை ஓட்டையும் ‘ரஃப் ஷெல்’ என்று எழுதினால், படிக்கிறவருக்குத் தீவனத்தைப் பார்ப்பதா, கோழியின் வயதைப் பார்ப்பதா, நோயைப் பார்ப்பதா என்று தெரியாது. அந்த இடத்தில் சரியான பெயரடை பாதி நோயறிதல்.

நேஷன், ஃபர்த், தொல்காப்பியர்

பட்டியல் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. பலரும் எதிர்பார்க்காத குறை. ஒத்த பொருளுடைய சொற்களை ஒன்றாகக் கற்றால் எளிதில் மனத்தில் நிற்கும் என்று நாம் நம்புகிறோம். 1993-ல் டிங்கம் என்பவரும் 1997-ல் வாரிங் என்பவரும் வெளியிட்ட ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. பொருளால் நெருங்கிய புதுச்சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றோடொன்று குழம்பி, கற்க அதிக நேரம் பிடிக்கிறது. பால் நேஷனும் இதையே வலியுறுத்துகிறார்: ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு அதன் உறவுச் சொல்லை அறிமுகம் செய்யுங்கள் என்கிறார். ரஃப், கோர்ஸ், ரக்கிட், பம்ப்பி என்று ஒரே காலையில் நான்கையும் தலையில் ஏற்றுவது, குழப்பத்துக்கு வழிசெய்வதுதான்.

ஒரு சொல்லை அறிய அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்ற கருத்தை, 1950-களில் ஆங்கில மொழியியலாளர் ஃபர்த் அழுத்தமாக முன்வைத்தார். இளவயதில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். நம் தொல்காப்பியரோ உரியியலில் இதற்கு நெருக்கமான ஒரு நெறியை வகுத்திருக்கிறார். பண்புகளை உணர்த்தும் உரிச்சொற்களைப் பற்றிய இயல் அது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தி, அது வழங்கும் மரபில் வைத்துப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. நம் இணைச்சொல் பட்டியல் செய்வதோ வேறு. பழகாத சொல்லுக்குப் பழகாத இன்னொரு சொல்லையே விளக்கமாகத் தருகிறது. ரக்கிட் தெரியாத பிள்ளைக்குக் கிராக்கி என்று விடை சொல்வதால் என்ன விளங்கும்?

பழகியது எது? பிள்ளையின் தமிழ். சொரசொரப்பு, கரகரப்பு, நறநறப்பு, கரடுமுரடு, மேடுபள்ளம், குண்டுகுழி, முண்டுமுடிச்சு, பிசிர் என்று பரப்புகளைப் பிரித்துச் சொல்ல அதற்கு ஏற்கெனவே ஏராளமான சொல் தெரியும். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் பாறைக் குன்றுகள் ‘கரடு’ என்ற பெயரோடு நிற்கின்றன. இந்தச் செல்வத்தைப் படிக்கட்டாக்காமல் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தி வைப்பது பெரும் இழப்பு. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: தமிழ்ச்சொல்லுக்கு ஆங்கிலச்சொல் என்று நேருக்கு நேர் வைத்தால் அதுவும் இன்னொரு பட்டியலாகிவிடும். முரட்டுத் துணிக்குக் கோர்ஸ் பொருந்தும்; முரட்டு ஆளுக்கு ரஃப்தான் நெருங்கி வரும். எந்த மொழியிலும் பெயர்ச்சொல்லைச் சேர்த்துக்கொண்டே பெயரடையைக் கற்க வேண்டும்.

என்ன செய்யலாம்

மனப்பாடத்தை ஒழிக்க வேண்டியதில்லை. மனப்பாடம் செய்யும் பொருளை மாற்றினால் போதும். தனிச்சொல்லுக்குப் பதில் சொற்சோடியை மனப்பாடம் செய்யலாம்: கோர்ஸ் சால்ட், பம்ப்பி ரோடு, ரக்கிட் ஹில்ஸ், ஜேகிட் ராக். கூடுதல் செலவு எதுவும் இல்லை. கூடுதல் நேரமும் பெரிதாக இல்லை. மூன்று கட்ட நோட்டில் நான்காவதாக ‘எதற்கு?’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் அதிலேயே இதை எழுதிவிடலாம். முதலில் ரஃப் மட்டும் உறுதியாக நிற்கட்டும். ஆங்கில மொழியறிஞர் ஆக்டன் 1930-ல் வகுத்த, 850 சொற்கள் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் அடிப்படை ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. அது பழகிய பிறகு மற்றவை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில் வரட்டும். வாரம் ஒரு முறை மேசைமேல் உப்புத்தாள், தேங்காய் நார், பாகற்காய், செங்கல் துண்டு ஆகியவற்றை வைத்து, தொட்டுப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் 50 பேர் கொண்ட வகுப்பிலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ஆசிரியரை மட்டும் மாறச் சொல்வது நியாயம் இல்லை. வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை கற்பிக்கும். முதல் ஆறு வினாக்களில் பாதியையாவது மாற்றி அமைக்கலாம். இணைச்சொல் எது என்று கேட்பதற்குப் பதிலாக, பெயர்ச்சொல்லைக் கொடுத்து, நெருங்கிய பொருளுடைய நான்கு பெயரடைகளில் எது அதனோடு சேரும் என்று கேட்கலாம். வினாவின் வடிவமும் மதிப்பெண்ணும் திருத்தும் முறையும் அப்படியே இருக்கும். படிக்கும் முறை மட்டும் தானாகவே மாறும்.

இணைச்சொல் பட்டியல் ஆங்கிலத்துக்குள் நுழைய நல்ல வாசல். அதுவே வீடு என்று நம்பியது பிழை. சொல்லை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது அதன் வெற்றி. சொல்லைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்காதது அதன் தோல்வி. தேர்வில் ஆறு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தான் தொட்டதைத் தான் நினைத்தபடி எழுதவும் வேண்டும். அடுத்த கல்வியாண்டில் நோட்டைக் கோடு போட்டுப் பிரிக்கும்போது நான்காவது கட்டத்துக்கும் இடம் விடுங்கள் என்று ஆசிரியர்களையும், அந்தக் கட்டத்திலிருந்து வினா எடுங்கள் என்று வினாத்தாள் அமைப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.